சுறாக் கூண்டும் ஸ்டெல்லாவின் சடையும்

தைரியசாலி என்று பெயரெடுக்கத் தைரியம் தேவையே இல்லை. வாயை மூடாமல் இருந்தால் போதும். இருபத்தாறு வயதில் எனக்கு அந்தப் பெயர் கிடைத்தது அப்படித்தான். கிடைத்த பெயரைக் காப்பாற்ற, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரும்புக் கூண்டுக்குள் நின்றுகொண்டு கடலுக்கடியில் போனேன். முழுசாகத் திரும்பியும் வந்தேன். வருவதற்காக அங்கே நான் பேசிய பேரம் இருக்கிறதே, அதை நினைத்தால் இந்த வயதிலும் காது சூடாகிறது.

எழுபதுகளின் கடைசி. காலாங் ஆற்றோரம் ஒரு வெல்டிங் பட்டறையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். கம்பி, போல்ட், பெயிண்ட் டின் எல்லாம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. கப்பலின் வெளிப்பக்கம் பெயிண்ட் அடிப்பவர்கள் உட்கார்ந்து தொங்குவதற்கு இரும்புத் தொட்டில் செய்வது பட்டறையின் வேலை. முதலாளி ஒரு சீனர், எல்லோருக்கும் அவர் தௌக்கே. அவரிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. தொட்டில் தயாரானதும் அதற்கான தாளில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற இடத்தில் எவன் கையெழுத்துப் போடுகிறானோ, அவன்தான் முதலில் அதில் ஏறித் தொங்க வேண்டும். அதனால் எங்கள் பட்டறையில் வாய்ச்சவடால் பேசுகிறவன்கூட பேனாவைக் கண்டால் ஓடிவிடுவான். மூத்த வெல்டர் முத்து அண்ணன் மட்டும்தான் கையெழுத்துப் போடுவார், அதுவும் ஒவ்வொரு வெல்டிங் இணைப்பையும் சுத்தியலால் தட்டிப் பார்த்த பிறகு.

என் தலையைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். மூன்று வருடமாக வளர்த்த முடி, தோளைத் தாண்டி இறங்கியிருந்தது. நீளமுடி வைத்த ஆண்களை அரசாங்க அலுவலகங்களில் வரிசையின் கடைசியில்தான் கவனிப்பார்கள் என்று போஸ்டர் ஒட்டியிருந்த காலம் அது. ஒரு ஸ்டாம்ப் வாங்க நான் நின்ற நேரத்தில் அந்தக் கடிதத்தை நடந்தே போய்க் கொடுத்திருக்கலாம். நின்றாலும் நின்றேன், வெட்டவில்லை. (நான் தூங்கும்போது அம்மா கத்தரிக்கோலோடு வந்த கதையெல்லாம் தனி.)

எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. அவள் டெலிபோன் ஆபரேட்டர், வீடு பிடோக்கில். முழங்காலைத் தொடும் ஒற்றைச் சடை. சிராங்கூன் ரோட்டுப் பூக்காரர் அவளைத் தூரத்தில் பார்த்ததுமே கேட்காமல் நாலு முழம் அளக்க ஆரம்பித்துவிடுவார். பூசை நேரத்தில் அவளுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்த பெண்கள் பிரசங்கத்தைக் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. எங்களுக்கு நிச்சயம் ஆனதும் எங்கள் பங்கு மாதா கோயிலில், “அந்த வீட்டுக்குச் சீப்பே தாங்காது லா” என்று பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கெவின் வந்தார். ஆஸ்திரேலியர். அவர் ஊரின் தெற்குக் கடலில் பெரிய வெள்ளைச் சுறாக்களைத் தண்ணீருக்கடியில் படம் பிடிப்பது அவர் தொழில். அதற்கு ஒரு கூண்டு வேண்டும். சுறாவை அடைப்பதற்கு இல்லை, அவரை அடைப்பதற்கு. சிங்கப்பூரில் இரும்பு வேலை நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லி எங்கள் பட்டறைக்கு வந்துவிட்டார். ஓர் ஆள் நிற்கும் உயரத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்த கூண்டு, மார்பு உயரத்தில் கேமராவை நீட்ட ஓர் இடைவெளி, சுறாவைக் கூப்பிட மீன் ரத்தம் ஊற்றும் ரப்பர் குழாய். எல்லாம் அவர் வரைந்து கொடுத்தபடியே தயாரானது.

“அது எடுத்த உடனே கடிக்காது. முதல்ல மூக்கால மெதுவாத் தள்ளிப் பாக்கும். உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க” என்றார் கெவின், தேநீர் குடித்துக்கொண்டே. அவர் முன்கையில் வளையல் போட்ட மாதிரி ஒரு தழும்பு இருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கூண்டு முடிந்த அன்று முத்து அண்ணன் ஊருக்குப் போயிருந்தார். தாளில் கையெழுத்துப் போட ஆளில்லை. கெவின் கேமராவை எடுத்து, “கூண்டைச் சரிபார்த்தவர் யாரோ அவர் பக்கத்துல நிக்கட்டும், ஒரு போட்டோ எடுத்துக்கறேன்” என்றார். போட்டோ என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நான் தலையைக் கோதிக்கொண்டேன். பேனாவை எடுத்துப் போட்டேன் பாருங்கள் ஒரு கையெழுத்து, கடைசியில் ஒரு சுழி வேறு. தௌக்கே அந்தத் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “இது கப்பல்ல தொங்குறது இல்ல. கடலுக்குள்ள போறது” என்று மட்டும் சொன்னார்.

அப்போதே அழித்திருக்கலாம். ஆனால் அன்று சாயங்காலமே ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டேன். அவள் தன் அம்மா ரெஜினா அத்தையிடம் சொன்னாள். ரெஜினா அத்தையிடம் சொன்ன விஷயத்துக்குப் பிறகு கோயில் மணியே தேவைப்படாது. அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சுறாவோட இறங்கப் போறீங்களாமே தம்பி?” என்றார். “அதெல்லாம் ஒண்ணும் இல்லை அங்கிள்” என்றேன். எல்லாம் இருக்கிறது என்று அர்த்தப்படும்படியாகத்தான் சொன்னேன்.

கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தது. அவர்கள் வீட்டில் என்னை அதுவரை ‘தலைமுடிக்காரர்’ என்றுதான் குறிப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். இப்போது பின்வாங்கினால் தலைமுடி மட்டும்தான் இவனிடம் இருக்கிறது என்று ஆகிவிடும். நீச்சல் குளத்தில் ஒரு மத்தியானம் முழுக்கக் கெவின் எனக்கு வாயால் மூச்சுவிடச் சொல்லிக் கொடுத்தார். இருபத்தாறு வருடமாக மூக்கால் விட்டுப் பழகியவனுக்கு அதுவே போதும் போதும் என்றாகிவிட்டது.

இந்தக் கடலில் வெள்ளைச் சுறா கிடையாது, தண்ணீர் சூடு, அதற்கு ஆகாது என்று கெவின் சத்தியம் செய்தார். கூண்டு நேராகத் தொங்குகிறதா, கதவு உள்ளிருந்து திறக்கிறதா, ரத்தக் குழாய் வேலை செய்கிறதா, இவ்வளவுதான் பார்க்க வேண்டியது.

பூசை முடிந்து கிளம்பினோம். சின்னத் தோங்காங் படகு, நடுவில் கூண்டை இறக்கித் தூக்க, கையால் கயிறு சுற்றும் வின்ச். படகுக்காரர் ஹசான் என்ற மலாய்க்காரர், எல்லோருக்கும் ‘பாக்’, அதாவது பெரியவர். கெவின், தௌக்கே, நான், ஸ்டெல்லா. கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாது என்று ரெஜினா அத்தையும் டிபன் கேரியரோடு ஏறிவிட்டார். (சுறாவுக்கு ஏதாவது மிச்சம் வைப்பாரா என்று தௌக்கே என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.)

தெற்குத் தீவுகளுக்கு அப்பால் படகை நிறுத்தினார்கள். உச்சி வெயில். நீரோட்டம் மாறும் நேரம் என்பதால் தண்ணீர் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. காற்று இல்லை, பறவை இல்லை. அத்தைகூடப் பேச்சை நிறுத்திவிட்டார்.

“அந்த வெள்ளைச் சுறா இங்க வருமா பாக்?” என்று கேட்டேன்.

ஹசான் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். “கடல் மேல இருக்கும்போது பேர் சொல்லாதே. தோக்னு சொல்லு” என்றார் மலாயில். தோக் என்றால் தாத்தா.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டெல்லாவும் சிரிக்கட்டும் என்று படகின் விளிம்பில் ஏறி நின்று, கையை வாயருகில் குவித்து, அந்தப் பெயரையே மூன்று முறை சத்தமாகக் கூப்பிட்டேன். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. ஹசான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார். மன்னிப்புக் கேட்பதுபோல இருந்தது.

முதுகில் காற்றுக் குப்பியைக் கட்டி என்னைக் கூண்டுக்குள் விட்டார்கள். கையில் ஒரு சின்னக் கயிறு. ஒரு இழு இழுத்தால் இன்னும் இறக்கு, இரண்டு இழுத்தால் தூக்கு. குழந்தைக்குக்கூட புரியும் என்றார் கெவின்.

முதலில் கொஞ்ச தூரம் வெளிச்சம் இருந்தது. பிறகு கடல் பச்சையானது, அப்புறம் கலங்கிய தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. கையை நீட்டினால் முழங்கை தெரிந்தது, விரல் தெரியவில்லை. என் தலைமுடி தானாக மேலே எழுந்து கண்ணாடிக்கு முன்னால் வந்து வந்து மறைத்தது. ஒதுக்கினேன், மறுபடி வந்தது. மூன்று வருடம் ஆசையாக வளர்த்ததை முதல் முறையாக வெறுத்தேன்.

மூன்றாம் மாடி உயரத்துக்கு இறங்கியிருப்பேன், கூண்டு நின்றது. குழாய் வழியாக மீன் ரத்தம் வந்து என் மார்புக்கு முன்னால் புகையாக விரிந்தது. ரத்தம் கலந்ததும் சின்ன மீன்கள் மொய்க்கும், பயப்படாதே என்று கெவின் சொல்லியிருந்தார். மொய்க்கவில்லை. ஒரு மீன்கூட வரவில்லை. அதுவரை கம்பிகளுக்கு நடுவில் சுற்றிக்கொண்டிருந்த நாலைந்து வரி மீன்களையும் காணோம். எப்போது போயின என்று தெரியவில்லை. இறங்கியதிலிருந்து காதில் ஏதோ பொரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அதுவும் நின்றுபோனது. என் மூச்சுக் குமிழிகள் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தன.

அப்போது, இருட்டு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பக்கம் நகர்ந்தது.

வலமிருந்து இடமாக, அவசரமே இல்லாமல் நகர்ந்தது. ஓரமும் தெரியவில்லை, உருவமும் தெரியவில்லை. அங்கே இருந்த தண்ணீர் மட்டும் மற்ற தண்ணீரைவிடக் கெட்டியாக இருந்தது. நான் பயத்தில் மனசுக்குள் மங்கள வார்த்தை செபத்தை ஆரம்பித்தேன். முழுச் செபமும் முடிந்தது. அது இன்னும் கடந்துகொண்டிருந்தது.

கயிற்றை இழுத்தேன். இரண்டு முறை இழுக்க வேண்டும் என்பது ஞாபகம் இருந்தது. ஆனால் பயந்தவன் கை இரண்டோடு நிற்குமா? கோயில் மணி அடிப்பது போல அடித்துத் தள்ளினேன். மேலே கெவின் உன்னிப்பாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். பதினொன்று வந்ததாம். ஐந்து முறை ‘தூக்கு’, கடைசியாக ஒரு முறை ‘இறக்கு’. ஆள் ரொம்பத் தைரியசாலி, மனசை மாற்றிக்கொண்டான் போல என்று நினைத்து இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டார்.

இப்போது என் விரல் மட்டுமல்ல, முழங்கையும் தெரியவில்லை. கூண்டு இடது பக்கம் சாய்ந்தது. மோதவில்லை. திறந்த குளிர்சாதனப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிறவர் கதவில் சாய்வாரே, அந்த மாதிரி ஒரு சாய்வு. பிறகு கம்பி மேல் எதையோ இழுத்துத் தேய்க்கிற சத்தம், நீளமாக, என் பாதத்திலிருந்து தலை வரைக்கும் வந்தது. கேமராவுக்காக விட்டிருந்த இடைவெளிக்கு நேராக அது நின்றது. அங்கே ஒரு கண் இருந்தது. கறுப்புக் கண், சின்னத் தட்டு அளவு. அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றுமே இல்லை. கூப்பிட்டாயே, வந்திருக்கிறேன், என்ன விஷயம் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது.

என்னைப் போன்ற பங்குக்காரர்களுக்கு இந்த இடத்தில் வருவது ஒரே வேண்டுதல்தான். ‘வேளாங்கண்ணி மாதாவே, என்னைக் காப்பாத்து. உனக்கு மொட்டை போடுறேன்.’ சொல்லிவிட்டேன். கண் நகரவில்லை. என் முடி மறுபடியும் முகத்தில் வந்து விழுந்தது. ஒதுக்கக் கையைக் கொண்டுபோனேன். அந்த ஒரு நொடியில், கடலுக்கடியில், சாவுக்கு முன்னால் நின்றுகொண்டு, எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? கல்யாண போட்டோ. மிச்சமிருந்த ஐந்து வாரத்தில் என்ன முளைக்கும் என்று கணக்குப் போட்டேன். போட்டுவிட்டு, ‘இல்லை தாயே, ஸ்டெல்லாவுக்கு மொட்டை போடுறேன்’ என்று மாற்றினேன்.

இதை நான் எப்படிச் சொல்லுவேன். பிள்ளைகளின் தலையை நேர்ந்துவிடுவது நம்மில் வழக்கம்தான், அதைப் பார்த்தே வளர்ந்தவன்தான். ஆனாலும் இது அயோக்கியத்தனம். அப்போது அது அயோக்கியத்தனமாகத் தோன்றவே இல்லை, நல்ல யோசனையாகத்தான் தோன்றியது.

நினைத்து முடிக்கவில்லை, கண் போய்விட்டது. கூண்டு மேலே ஏற ஆரம்பித்தது.

பாதி வழியில் நின்றது. ஏன் என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தேன். என் காலடிக் கம்பிகளுக்குக் கீழே அந்தக் கெட்டியான இருட்டு மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. ‘நிஜமாத்தான் தாயே, ஸ்டெல்லாதான்’ என்று இன்னொரு தடவை உறுதி சொன்னேன். கூண்டு குலுங்கியது. மறுபடி ஏறியது, இந்த முறை நிற்காமல்.

வெளிச்சத்துக்கு வந்ததும் கூண்டுக் கதவைத் திறந்து, தவழ்ந்து, ரெஜினா அத்தையின் புதுச் செருப்பில் வாந்தி எடுத்தேன். அத்தை அதைக் கவனிக்கவே இல்லை. அவர் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு வின்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். ஈரக் கயிற்றோடு கயிறாகச் சுற்றிக்கொண்டு ஸ்டெல்லாவின் சடை அதில் இருந்தது. ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தோளோடு முடி நின்றிருந்தது. ஹசான் கையில் கத்தி.

நடந்ததை அத்தைதான் சொன்னார், அழுதுகொண்டே. கயிறு அப்படி அதிர்ந்த பிறகு அசைவே இல்லாமல் போனதும் ஹசான், “தூக்கு, தூக்கு” என்று கத்தியிருக்கிறார். கெவினும் தௌக்கேயும் சுற்ற, பலம் போதாமல் ஸ்டெல்லாவும் கைப்பிடியைப் பிடித்துக் குனிந்திருக்கிறாள். சடை முன்னால் விழுந்து கயிற்றோடு வின்ச்சில் ஏறிவிட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் தலை உருளையை நோக்கிப் போயிருக்கிறது. அதை விடுவிக்க ஒரே வழி, கயிற்றைத் திருப்பிவிட்டுக் கூண்டைக் கீழே இறக்குவது.

“இறக்குங்கன்னு நான்தான் தம்பி கத்தினேன். எம் பொண்ணு தலையாச்சே” என்றார் அத்தை, என்னைப் பார்க்காமல். “இவதான், வெட்டுங்க பாக், அவர் கீழ இருக்கார்னு சொல்லிட்டா. பிறந்ததுல இருந்து செம்பருத்தி அரைச்சுத் தேச்ச முடி.”

கெவின் கூண்டின் இடது பக்கத்துக் கம்பிகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். கீழிருந்து மேல் வரை ஒரு பக்கம் முழுக்க மஞ்சள் பெயிண்ட் போய், உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல வெறும் இரும்பு பளபளத்தது. “கீழ பாறை ஏதாவது இருந்துச்சா?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். திரும்பி வரும் வரை யாரும் டிபன் கேரியரைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு பங்கில் எல்லோரும் ஸ்டெல்லாவைப் பற்றித்தான் பேசினார்கள். வருங்காலப் புருஷனுக்காக முடியைக் கொடுத்தவள். அவளும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தாள். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். நான் மாதாவிடம் பேசி முடித்த அதே நேரத்தில் மேலே கத்தி இறங்கியிருக்கிறது. தற்செயல் என்று பகலில் சொல்லிக்கொள்வேன். பல் தேய்க்கும்போது தண்ணீரை நோக்கி முகத்தைத் தாழ்த்தினால் அந்தச் சொல் நிற்காது.

சடையை அத்தை பத்திரமாக வைத்திருந்தார். கல்யாணத்தன்று வெயிலுக்கு... மன்னிக்கவும், ‘வெயில்’ என்று நாங்கள் இங்கிலீஷில் சொல்வது மணப்பெண்ணின் தலைத் துணியை. அந்தத் துணிக்கு அடியில் சவுரி மாதிரி அதைப் பின்னி வைத்துவிட்டால் போட்டோவில் யாருக்கும் தெரியாது என்பது அவர் திட்டம். ஒரு வினோதம் என்னவென்றால், சடை காயவே இல்லை. பத்து நாளாக பால்கனி மூங்கில் கழியில் துணியோடு துணியாகத் தொங்கியது. சீயக்காய் போட்டு அலசினார், சாம்பிராணி காட்டினார். நுனியில் ஈரமும் கடல் வாசனையும் அப்படியே இருந்தன.

ஒரு மத்தியானம் அதை வைத்துப் பார்க்க என்னையும் வரச் சொன்னார்கள். ஸ்டெல்லா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அத்தை பின்னால் நின்று சடையைத் தூக்கி வைத்தார். ஸ்டெல்லாவின் தோள் சட்டென்று சுருங்கியது.

“ஐஸ் மாதிரி இருக்கும்மா” என்றாள்.

சட்டையின் முதுகில் ஈரம் கோடாக இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

“அதை வெக்காதீங்க அத்தை. அது நம்மளோடது இல்ல.”

எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணைச் சொன்னேன், செபத்தைச் சொன்னேன், முதலில் என்ன நேர்ந்தேன், பிறகு என்னவாக மாற்றினேன் என்பதையும் சொன்னேன். அத்தை சடையைக் கையில் வைத்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள். “எப்ப நேர்ந்தீங்க? நான் கைப்பிடியைப் புடிக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடின்னுதான் நினைக்கிறேன். சொல்லி முடிக்கல, கூண்டு ஏறிடுச்சு.”

“உங்க தலையிலயும்தான் முடி இருந்துச்சு.”

“போட்டோ...” என்று ஆரம்பித்தேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. “வெட்டுங்கன்னு சொன்னப்ப எனக்கு எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா? ஐ கேவ் இட்னு நினைச்சேன். நானாக் குடுத்தேன்னு. நீங்க அதுக்கு முன்னாடியே என்னைக் கேக்காம எடுத்துக் குடுத்துட்டீங்க” என்றாள். பிறகு, “நீங்க போங்க ராஜ். நான் யோசிக்கணும்” என்றாள்.

யோசிக்க அவளுக்கு எட்டு நாள் ஆனது. கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவித்து, பத்திரிகை அடித்து, மண்டபம் சொல்லியாகிவிட்ட கல்யாணம். எட்டு நாளும் நான் டெலிபோன் செய்தேன். எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பவளிடம் டெலிபோன் செய்து ஒரு பிரயோஜனமும் இல்லை, எப்படித் துண்டிப்பது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஒன்பதாம் நாள் டன்லப் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு முடிதிருத்தும் கடையில் போய் உட்கார்ந்து, “மொட்டை” என்றேன். கடைக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, “வீட்டுல யாராச்சும் தவறிட்டாங்களா தம்பி?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“இன்னும் இல்லண்ணே” என்றேன்.

விழுந்த முடியைக் காகிதப் பையில் கேட்டு வாங்கிக்கொண்டு பிடோக் பஸ்ஸில் ஏறினேன். கதவைத் திறந்தது ஸ்டெல்லாதான். என் தலையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்.

“என்ன இது?”

“மீதி. நேர்ந்தது மொட்டை. உன்கிட்ட எடுத்தது தோள் வரைக்கும்தான். மிச்சத்துக்கு என்னோடத எடுத்துக்கச் சொல்லி மாதாகிட்ட பேசிட்டேன்.”

“என்னைத் தவிர எல்லார்கிட்டயும் பேசுறீங்க” என்றாள்.

சொல்லிவிட்டு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தாள். ஆனால் அந்த மொட்டையில் ஒரு பக்கம் சவரக்கத்தி கீறி பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அவள் உதடு துடித்தது, பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த பிளாக்கில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும்படி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன்.

சடையையும் காகிதப் பையையும் நாகப்பட்டினம் கப்பலில் போன பங்குக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போய் வேளாங்கண்ணியில் சேர்த்தார். அங்கே காணிக்கைப் பெட்டியில் போடும்போது சடை காய்ந்து சருகாக இருந்ததாகச் சொன்னார். எங்கள் கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை மொட்டை, பெண்ணுக்குத் தோளளவு முடி. கெவின் அடுத்த வருடம் தன் கடலிலிருந்து ஒரு படம் அனுப்பினார். நாங்கள் செய்த கூண்டின் பக்கத்தில் பெரிய வெள்ளைச் சுறா ஒன்று. பின்னால், ‘நீ பார்த்தது இதுவா?’ என்று எழுதியிருந்தார். அந்தப் படத்தை ஒருமுறைதான் பார்த்தேன். பதில் எழுதவில்லை.

எங்களுக்கு இரண்டு பெண்கள். அவர்கள் புக்கிட் பாத்தோக் பள்ளியில் படித்த காலத்தில் நான் செபமாலையை எடுத்தாலே, “அப்பா வேண்டிக்கிறார், முடியைக் கட்டிக்கோ” என்று ஒருத்திக்கொருத்தி எச்சரிப்பார்கள். மருமகன்களுக்கும் வீட்டுக்கு வந்த முதல் வாரமே இந்தக் கதை சொல்லப்பட்டுவிட்டது. என்னை நம்பி யாரும் தலையைக் கொடுப்பதில்லை.

போன வருடம் எனக்கு இதயத்தில் ஆபரேஷன். படுக்கையோடு தள்ளிக்கொண்டு போனார்கள். நான் கண்ணை மூடி உதட்டை அசைத்திருப்பேன் போலிருக்கிறது. ஸ்டெல்லா நர்ஸை ஒரு நிமிடம் நிறுத்தச் சொன்னாள். நரைத்துப்போன கொண்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குனிந்து என் காதருகில் வந்தாள்.

“கேட்டா நானே குடுப்பேன்ங்க” என்றாள். “இந்தத் தடவையாச்சும் கேட்டுட்டுப் போங்க.”

கேட்டேன்.